விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடலாமா?

எங்கள் சைக்கிள் குழுவில் அடிக்கடி எழும் கேள்வி இது. யாராவது ஒருவர் ஹெல்மெட்டின் படத்தை அனுப்பி, "ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன், நழுவிக் கீழே விழுந்துவிட்டது, மாற்ற வேண்டுமா?" என்று கேட்பார். உடனே இரண்டு கட்சி கிளம்பும். ஒரு கட்சி, "இதுக்கெல்லாமா? ஒண்ணும் ஆகாது, ஓட்டுங்க" என்று தட்டிக்கொடுக்கும். இன்னொரு கட்சி, "ஒரு தடவை அடிபட்டா அவ்வளவுதான், தூக்கிப் போட்டுருங்க" என்று பயமுறுத்தும். அப்புறம் பேச்சு டயர், கியர் என்று வேறெங்கோ போய்விடும். கேட்டவருக்குக் கடைசிவரை பதில் கிடைத்திருக்காது.

எனக்கு இதில் பெரிய கவலை ஒன்று உண்டு. மேசையிலிருந்து சும்மா விழுந்த ஹெல்மெட்டுக்காக இவ்வளவு பதறுகிறோம். ஆனால் தலையோடு சேர்ந்து தார்ச்சாலையில் மோதிய ஹெல்மெட்டை, "மேலே ஒரு கோடுகூட இல்லையே" என்று துடைத்துவிட்டு, அடுத்த ஞாயிறே மாட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிவிடுகிறோம். பதற வேண்டிய இடத்தில் தைரியமாக இருக்கிறோம், தைரியமாக இருக்க வேண்டிய இடத்தில் பதறுகிறோம். எது எது என்று பிரித்துப் பார்க்க, ஹெல்மெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

சைக்கிள் ஹெல்மெட் என்றதும் பலருக்கு வெளியே பளபளக்கிற ஓடுதான் கண்ணில் நிற்கும். பெரும்பாலான ஹெல்மெட்டுகளில் அந்த ஓடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத பிளாஸ்டிக் தகடு. நுரை சிதறாமல் சேர்த்துப் பிடிப்பது, மோதும்போது அடியைக் கொஞ்சம் பரவவிடுவது, தார் சாலையில் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கவிடுவது, இவ்வளவுதான் அதன் வேலை. தலையைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கிற நுரை. டிவி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் வருமே தெர்மாகோல், அதே பொருள்தான். பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் ஊதவைத்து ஒன்றோடொன்று ஒட்டவைப்பது. ஹெல்மெட்டுக்கு அதைப் பல மடங்கு அடர்த்தியாக வார்க்கிறார்கள், அதனால் கையில் பிடித்தால் கெட்டியாக இருக்கும். காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரலால் தட்டிப் பார்த்தால் தெர்மாகோல் என்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

தலைக்கவசத்துக்குள் நசுங்கிக்கொடுக்கும் ஓர் அடுக்கு வேண்டும் என்பது பழைய எண்ணம். அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் லொம்பார்டு இதற்கான காப்புரிமையை 1953இல் பெற்றார். சைக்கிளுக்கு அது ஒழுங்காக வந்து சேர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1975இல் பெல் நிறுவனம் கொண்டுவந்த 'பெல் பைக்கர்' ஹெல்மெட்டில் தெர்மாகோல் நுரை இருந்தது. அதற்கு முன்பு பந்தய வீரர்கள் தோல் பட்டைகளை வரிசையாகக் கோத்த ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். சிராய்ப்பைத் தடுக்கும், மண்டையைக் காப்பாற்றாது.

சரி, நுரை எப்படிக் காப்பாற்றுகிறது? மோதலில் மூளைக்கு என்ன ஆகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, இருந்த வேகம் எவ்வளவு சின்னத் தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதுதான். ஐரோப்பிய விதியான இ.என். 1078, ஹெல்மெட்டுக்குள் ஒரு மாதிரித் தலையை வைத்து, தட்டையான இரும்புப் பட்டடை மீது நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவைக்கிறது. சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வரும் வேகம். மணிக்கு 19.5 கிலோமீட்டர். "நான் 35இல் போகிறேனே, 19க்குச் சோதித்தால் போதுமா?" என்று கேட்கலாம். சைக்கிளிலிருந்து சாயும்போது தலை தரையை நோக்கி இறங்குகிற வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது தலை இருந்த உயரம். முன்னோக்கிப் போகிற வேகம் பெரும்பாலும் உரசிக்கொண்டு சறுக்குவதில் செலவாகும். நேராகப் போய்ச் சுவரிலோ லாரியிலோ மோதினால் கதை வேறு.

அந்த 5.42 மீட்டர் வேகம், நுரை 20 மில்லிமீட்டர் சீராக நசுங்கும் தூரத்தில் நின்றால், தலை சந்திக்கும் வேகக்குறைவு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 75 மடங்கு. ஹெல்மெட் இல்லாமல் 2 மில்லிமீட்டரில் நின்றால் 750 மடங்கு. பள்ளிக்கூட இயற்பியல் சூத்திரத்தை வைத்தே நீங்களும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நிஜ நுரை அவ்வளவு சீராக நசுங்காது, ஆகவே சோதனையில் எண்கள் கூடவே வரும். இ.என். 1078 அதிகபட்சம் 250 மடங்குவரை அனுமதிக்கிறது. அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. விதி 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டு 300 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

இப்போது கேள்விக்கு வரலாம். அந்த 20 மில்லிமீட்டரில் 10 மில்லிமீட்டர் ஏற்கெனவே முந்தைய விபத்தில் நசுங்கிப் போயிருந்தால்? நிற்கக் கிடைக்கிற தூரம் பாதி. அதே கணக்கில் 75 என்பது 150 ஆகிவிடும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஒருமுறை நசுங்கிய நுரைக்குள் காற்று இருந்த சின்னஞ்சிறு அறைகளின் சுவர்கள் மடங்கி உடைந்து, நுரை முன்பைவிட இறுகிப்போயிருக்கும். மிச்சமிருக்கும் 10 மில்லிமீட்டரும் முழுசாக நசுங்கிக்கொடுக்காது.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், நசுங்கியது வெளியே தெரியாமல் போய்விடும். ஆவி பறக்கிற இட்லியை விரலால் அமுக்கினால் பள்ளம் விழும், விரலை எடுத்ததும் கொஞ்சம் மேலே வரும், ஆனால் பழைய உயரத்துக்கு வராது. தெர்மாகோலும் அப்படித்தான். அடித்த அடியில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போன நுரை, சில நொடிகளில் ஓரளவு திரும்பி வந்துவிடும். வெளி ஓடு வளையும் தன்மை உள்ளதால் அதுவும் பழைய வடிவத்துக்கு எழும்பி நிற்கும். கண்ணுக்கு எல்லாம் பழையபடியே இருக்கும். பொருள் மட்டும் பழைய பொருளாக இருக்காது.

எங்கள் நண்பர் ஒருவர் மாமல்லபுரம் பக்கம் மணல் படிந்திருந்த ஒரு வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தார். முழங்கையில் நல்ல சிராய்ப்பு. டீக்கடையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். "தலையில லேசாத்தான் பட்டுது, ஹெல்மெட்டப் பாருங்க, ஒரு கோடுகூட இல்ல" என்றார். உண்மையிலேயே வெளியே பெரிதாக ஒன்றுமில்லை, காதுக்குப் பின்பக்கம் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த பஞ்சுப் பட்டைகளைக் கழற்றினேன். இரண்டு காற்றோட்டத் துளைகளுக்கு நடுவே இருந்த நுரைப்பாலத்தில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பக்கத்தில் விரலை வைத்து இடது வலது இரண்டையும் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் மெலிதாக இருப்பது தெரிந்தது. அடுத்த வாரம் பி.ஆர்.எம். என்கிற 200 கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்கு அதே ஹெல்மெட்டோடுதான் போவதாக இருந்தார். ஓட்டத்தின் விதிப்படி ஹெல்மெட் கட்டாயம், தலையில் ஒன்று இருக்கிறதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். அதன் நுரை எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் கழற்றிப் பார்க்கப்போவதில்லை.

"லேசாத்தான் பட்டுது" என்பதையும் நம்ப முடியாது. ஹெல்மெட் நன்றாக வேலை செய்திருந்தால் அடி லேசாகத்தான் தோன்றும். லேசாகத் தோன்றியதே நுரை நசுங்கிக்கொடுத்ததால் இருக்கலாம். ஆகவே எவ்வளவு வலித்தது என்பதை வைத்து ஹெல்மெட்டின் நிலையைக் கணிக்கக் கூடாது. (ஹெல்மெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆளைப் பாருங்கள். தலை அடிபட்டவருக்கு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது இவற்றில் ஏதாவது இருந்தால் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

அப்படியானால் சின்னச் சின்னத் தட்டல்கள்? மேசையிலிருந்து விழுவது, கதவு நிலையில் இடித்துக்கொள்வது, பைக்குள் கிடந்து உருளுவது? இதற்கும் கணக்கு போடலாம். ஹெல்மெட்டின் எடை சுமார் 300 கிராம். ஹேண்டில்பார் உயரம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், விழும்போது அதில் இருக்கும் ஆற்றல் 3 ஜூலுக்கும் குறைவு. சி.பி.எஸ்.சி. சோதனையில் 5 கிலோ எடை 2 மீட்டரிலிருந்து விழுகிறது: 98 ஜூல். முப்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். காலி ஹெல்மெட் விழும்போது நுரையை அழுத்த உள்ளே எதுவும் இல்லை, தன் சொந்த எடை மட்டுமே. தெர்மாகோலுக்கு ஒரு தாங்கும் எல்லை இருக்கிறது. அதற்குக் கீழே அழுத்தினால் அறைச் சுவர்கள் வளைந்து திரும்பிவிடும். தாண்டினால்தான் மடங்கி உடையும். தரையில் ஒருமுறை விழுந்த காலி ஹெல்மெட் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேதான் நிற்கும்.

அமெரிக்காவில் ஸ்னெல் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. 1956இல் கார்ப் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் என்ற ஓட்டுநரின் நினைவாக 1957இல் தொடங்கியது, ஹெல்மெட் சோதனையே அவர்கள் வேலை. அவர்கள் சொல்வதும் இதுதான். கை தவறி ஒருமுறை விழுந்ததற்காக மாற்ற வேண்டியதில்லை, உண்மையான சேதம் உள்ளே தலை இருக்கும்போது மோதுவதில் வருகிறது. ஆனால் அடிக்கடி கீழே போட்டுக்கொண்டே இருந்தால் நாளடைவில் தரம் குறையக்கூடும் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

அந்த "அடிக்கடி" என்பதைத்தான் கவனிக்க வேண்டும். திரும்பத் திரும்ப விழும்போது நுரை மொத்தமாக நசுங்குவதில்லை. பிரச்சினை வேறு வழிகளில் வரும். முதலாவது, முனைகள். சமதளத் தரையில் விழுவது ஒன்று, கருங்கல் ஜல்லியின் கூர்முனையில் விழுவது வேறொன்று. அதே மூன்று ஜூல் ஒரு நகம் அளவு இடத்தில் குவிந்தால் பள்ளம் விழும். வெளி ஓடு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் அடியைப் பரப்ப ஆளில்லை, அந்த இடத்தில் அடுத்த தட்டல் நேராக நுரைக்குப் போகும். இரண்டாவது, விரிசல். தெர்மாகோல் அழுத்தினால் நசுங்கிக்கொடுக்கும், இழுத்தால் அப்படிக் கொடுக்காமல் வெடித்துவிடும். கையால் ஒடித்தால் பட்டென்று ஒடிகிறதே, அதுதான் காரணம். துளைகள் நிறைந்த மெல்லிய ஹெல்மெட்டுகளில் நுரைப்பாலங்கள் பக்கவாட்டு வளைவில் வெடிக்கும். வெடித்த பாலம் அடுத்த தட்டலில் இன்னும் கொஞ்சம் நீளும். மூன்றாவது, ஓடும் நுரையும் ஓரத்தில் பிரிந்துவரும்.

அதனால் காலி ஹெல்மெட் என்றாலும் நான் சிலவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்தது, ஓடுகிற வண்டியிலிருந்து பறந்தது, உள்ளே பூட்டும் சங்கிலியும் வைத்துக் கீழே போட்டது, அதன்மேல் யாராவது உட்கார்ந்தது. ரயிலில் சைக்கிள் கொண்டுபோகிறவர்கள் ஹெல்மெட்டைப் பைகளுக்கு அடியில் திணித்து வைப்பார்கள், பத்து மணி நேரம் அதன்மேல் ஒரு டிரங்குப் பெட்டி உட்கார்ந்திருக்கும். இதில் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் வெடிப்பு வரும்.

தலையோடு சேர்ந்த சின்ன இடிகள் நடுவில் நிற்கிற விஷயம். தாழ்வான கிளை, பாதி திறந்த ஷட்டர், பேருந்தின் கண்ணாடி. நடக்கிற வேகத்தில் தட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அன்று மாலை பஞ்சைக் கழற்றி அந்த இடத்தைப் பார்ப்பது என் வழக்கம். சைக்கிளிலிருந்து விழுந்து தலை தரையைத் தொட்டது என்றால் பார்க்கவெல்லாம் தேவையில்லை, மாற்றிவிட வேண்டும். சோதித்துப் பார்த்துத் தேறினால் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையே இங்கே தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். வெடிப்பு தெரிந்தால் கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வீட்டில் எந்த வழியும் இல்லை.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்காக: வெளிச்சமான இடத்தில் பஞ்சு எல்லாவற்றையும் கழற்றுங்கள். நுரையின் உள்பக்கத்தில் தலைமுடி போன்ற கோடுகள் இருக்கின்றனவா என்று துளை துளையாகப் பாருங்கள். வெளி ஓட்டில் சுருக்கம் விழுந்திருந்தால் அதற்கு அடியில் நுரை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கையாலும் பக்கவாட்டில் மெதுவாக அமுக்கி, கிறீச் என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். மிப்ஸ் உள்ள ஹெல்மெட் என்றால், உள்ளே தலைக்கும் நுரைக்கும் நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வலை இருக்கும். சாய்வாக மோதும்போது 10 முதல் 15 மில்லிமீட்டர் நழுவி, தலை சுழலுவதைக் குறைக்கிற ஏற்பாடு அது. ஸ்வீடனில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் பொறியாளர் பீட்டர் ஹால்டினும் உருவாக்கியது. அந்த வலையைப் பிடித்திருக்கிற ரப்பர் முனைகள் அறுந்திருக்கின்றனவா, வலை எல்லாப் பக்கமும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக வாரும் கிளிப்பும். நுரை என்னதான் நன்றாக இருந்தாலும் விழுகிற நேரத்தில் கிளிப் விட்டுக்கொடுத்தால் ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

சோதனைக்கூடங்களிலேயே சைக்கிள் ஹெல்மெட்டை ஒரே இடத்தில் இரண்டாம் முறை அடித்துப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் அடியும் வேறு வேறு இடத்தில். ஸ்னெல்லின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் விதியில் ஒரே இடத்தில் இரண்டு அடி உண்டு. ஆகவே உங்கள் சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கிற முத்திரை, அந்த இடத்தில் விழுகிற முதல் அடிக்கு மட்டும்தான் உறுதி சொல்கிறது. அடிபட்ட ஹெல்மெட்டை அழித்துவிட்டு மாற்ற வேண்டும் என்ற எச்சரிக்கையையும் அந்த விதிகளே கேட்கின்றன. உள்ளே பொடி எழுத்தில் இருக்கும், பஞ்சுக்கு அடியில்.

திரும்பத் திரும்ப அடி தாங்கவென்றே செய்த ஹெல்மெட்டுகளும் இருக்கின்றன. குழந்தைகள் விஷயத்தில்தான் இது ரொம்ப முக்கியம். நம் ஊர்களில் மாலையானால் அடுக்குமாடி வளாகத்திலும் மாநகராட்சிப் பூங்காவிலும் ஸ்கேட்டிங் வகுப்பு நடக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை விழும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஸ்கேட்டிங்குக்கான அமெரிக்க விதி ஏ.எஸ்.டி.எம். எஃப்1492. குறைந்த உயரத்திலிருந்து, ஆனால் பல முறை அடித்துச் சோதிக்கிறது. அதற்கான ஹெல்மெட்டுகளில் திரும்ப எழும்புகிற நுரை இருக்கும். அதில் ஒரு வகை பாலிப்ரொப்பிலீனில் செய்த இ.பி.பி. அமுக்கினால் ரப்பர் மாதிரி மெதுவாகத் திரும்பி வரும். சைக்கிள், ஸ்கேட்டிங் இரண்டு விதியிலும் தேறிய ஹெல்மெட்டுகள் உண்டு. கீழே போட்டு உடைக்கிற வயதுப் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். அதற்காக அது சாகாவரம் பெற்றது என்று நினைத்துவிடக் கூடாது. பலத்த விபத்துக்குப் பிறகு அதையும் மாற்றத்தான் வேண்டும்.

உருண்டையான, கெட்டி ஓடு போட்ட வடிவத்தைப் பார்த்துவிட்டு இது பல அடி தாங்கும் என்று முடிவு செய்யவும் கூடாது. அதே வடிவத்துக்குள் சாதாரணத் தெர்மாகோலை வைத்து, சைக்கிள் விதியில் மட்டும் தேறிய ஹெல்மெட்டுகள் நிறைய விற்கின்றன. பொம்மைக் கடைகளில் முட்டிக் கவசத்தோடு சேர்த்து ஒரே பையில் தொங்குகிற சில ஹெல்மெட்டுகளைத் திருப்பிப் பார்த்தால் நுரையே இருக்காது, ஓட்டுக்குள் மெத்தென்று ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. விரலால் அமுக்கினால் ஓடு தட்டுப்படும். அதைப் பிள்ளையின் தலையில் மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. முத்திரையைப் படிக்காமல் வாங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது, அதனால் அங்கே பார்க்கும் பழக்கம் கொஞ்சம் வந்திருக்கிறது. சைக்கிள் ஹெல்மெட்டில் இ.என். 1078 என்றோ சி.பி.எஸ்.சி. என்றோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்தில் ஹெல்மெட் காலாவதி என்று சொல்வார்கள். கனடாவில் பயன்படுத்திய 675 சைக்கிள் ஹெல்மெட்டுகளைச் சேகரித்து அடித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. சேதமில்லாத ஹெல்மெட்டுகள் மட்டும், சில 26 வருடம் பழையவை. வயதால் வந்த மாற்றம் மிகக் குறைவு என்றுதான் முடிவு வந்தது. ஆகவே அடிபடாத, ஒழுங்காக வைத்திருந்த ஹெல்மெட்டைத் தேதி பார்த்து மட்டும் தூக்கி எறிய நான் அவசரப்பட மாட்டேன். ஒழுங்காக வைத்திருந்த என்பதுதான் நம் ஊரில் சிக்கல். இ.என். 1078 சோதனையில் ஹெல்மெட்டைச் சூடாக்குவது 50 டிகிரிவரை. மே மாதம் சென்னையில் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். அங்கே கிடந்தால் நுரை மணிகள் உப்பி, ஓடு கொப்பளித்து நிற்கும். வியர்வை உப்பில் வார் விறைத்துப்போகும்.

இன்னொன்று, பெட்ரோல். தெர்மாகோலைப் பெட்ரோலில் போட்டால் கரைந்து காணாமல் போகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்தவர்கள் இருப்பீர்கள். செயினைத் துடைத்த பெட்ரோல் துணியால் ஹெல்மெட்டையும் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தின்னர், நெயில் பாலிஷ் அகற்றும் திரவம், ஸ்பிரே பெயின்ட் எல்லாம் இதே கணக்கில் வரும். துளை வழியாக உள்ளே இறங்கி நுரையைத் தின்றுவிடும், வெளியே தெரியாது. சோப்பும் தண்ணீரும் போதும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் பழைய ஹெல்மெட்டைக் கை மாற்றுவது எவ்வளவு சிக்கலான காரியம் என்பது புரியும். எங்கள் வளாகத்தில் ஒரு பெரியவர் ஒருநாள் என்னை நிறுத்தி, "தம்பி, நீங்க புதுசு வாங்கிட்டீங்களாமே, பழசு சும்மாதானே கிடக்கு? என் பேரனுக்குக் குடுங்களேன், தெருக்குள்ளதானே ஓட்டப்போறான்" என்றார். அன்பாகக் கேட்கிறவரிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம். "ஐயா, அது அடிபட்ட ஹெல்மெட். பாக்க நல்லாத்தான் இருக்கும், விழுந்தா காப்பாத்தாது. அளவும் அவனுக்குச் சேராது. நான் கூட வர்றேன், சின்ன அளவுல புதுசு ஒண்ணு பாத்து வாங்கிடலாம்" என்றேன். முதலில் அவருக்கு முகம் சுருங்கியது. நுரையிலிருந்த வெடிப்பைக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அந்த வாரமே பேரனோடு கடைக்குப் போனோம்.

நம் குடும்பங்களில் அண்ணன் போட்டது தம்பிக்கு வரும், சட்டையும் செருப்பும் சைக்கிளும் அப்படித்தான் வந்தன. அதில் எந்தக் குறையும் இல்லை. ஹெல்மெட்டையும் அப்படிக் கொடுக்கலாம், ஒரே வீட்டுக்குள், அது ஒருமுறைகூட விழுந்து அடிபட்டதில்லை என்று கொடுப்பவருக்கு உறுதியாகத் தெரிந்தால். முன்பின் தெரியாதவரிடம் இணையத்தில் செகண்ட்ஹேண்டில் வாங்குகிற ஹெல்மெட்டுக்கு அந்த உறுதியை யார் கொடுப்பார்? விற்கிறவர் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். விதிமுறைக்கு உட்பட்ட புது ஹெல்மெட் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. சிலருக்கு அது சின்னத் தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் காலி ஹெல்மெட் விழுந்ததற்கெல்லாம் மாற்றச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. தேவையில்லாத இடத்தில் ஒருமுறை செலவு செய்துவிட்டவர், உண்மையிலேயே மாற்ற வேண்டிய நாளில் யோசிப்பார். சில நிறுவனங்கள் விபத்தில் போன ஹெல்மெட்டுக்குத் தள்ளுபடியில் புதிது தருகின்றன, ஆகவே வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மாற்ற முடிவு செய்துவிட்டால் பழையதை அப்படியே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். யாராவது எடுத்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று தலையில் மாட்டிக்கொள்வார்கள். முதலில் இரண்டு பக்க வாரையும் கத்தரியால் அறுத்துவிடுங்கள். நுரையின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் 'அடிபட்டது, போடாதீர்கள்' என்று பெரிதாக எழுதுங்கள். முடிந்தால் முட்டியில் வைத்து மடக்கி இரண்டாக ஒடித்துவிடுங்கள். ஒடிந்த இடத்தில் நசுங்கிய மணிகள் தட்டையாக, நெருக்கமாக இருக்கும். அடிபடாத பக்கத்தில் உருண்டையாக இருக்கும். வீட்டில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் இருந்தால் குப்பைக்குப் போகும் முன் அந்த இரண்டு துண்டையும் அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.